சந்தனம் அப்பிய எஞ்சின்

போன வாரம் கடைக்கு வந்தபோது உங்கள் மூன்று பேரிடமும் ஒரு கேள்வி கேட்டேன். ஒரு பழைய வண்டி விலை மதிப்புக்கு வந்தால் முதல் வேலையாக என்ன செய்வீர்கள்? மூத்தவன், இளையவன், மாப்பிள்ளை மூவரும் ஒரே குரலில், "நல்லா கழுவிருவோம்" என்றீர்கள். மாப்பிள்ளை ஒருபடி மேலே போய், "எஞ்சினையும் பளபளன்னு ஆக்கிருவோம் மாமா" என்றார்.

அப்போது கடையில் வாடிக்கைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் உங்களைத் திருத்துவது மரியாதை இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால் குற்றம் உங்களுடையது இல்லை. நான் ஒரு வண்டியைக் கழுவிக் கெடுத்த கதையை உங்களுக்குச் சொன்னதே இல்லை. வெட்கமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு, உங்களிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் பார்ப்பது ஆசைக்காகப் பழைய வண்டி வாங்குகிறவர்களை. அன்று அப்படி இல்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்தது. ஆனால் புது வண்டி வரவில்லை. பேரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் இருபது வருஷத்து வண்டிக்கும் கிராக்கி இருந்தது. அதோடு ஒரு பயமும் இருந்தது. யுத்த காலத்தில் பெட்ரோல் ரேஷன். பல பேர் வண்டியின் பின்னால் பெரிய உருளை ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டினார்கள். கரியில் ஓடிய எஞ்சின் சீக்கிரமே தேய்ந்துபோகும். தேய்ந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, பட்டாளம் ஏலம் விட்ட வண்டிகளிலிருந்து ஏதாவது ஓர் எஞ்சினை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். பழைய எஞ்சினில் இருந்த பித்தளை நம்பர் தகட்டைப் பெயர்த்து, வந்த எஞ்சினில் ஆணி அடித்துவிட்டால் தீர்ந்தது. நம்பரும் ரிஜிஸ்டர் புத்தகமும் ஒத்துப்போகும்.

கம்பெனியில் வைத்த எஞ்சினோடு இருப்பதைப் பிறவி எஞ்சின் வண்டி என்போம். மற்றது மாத்து எஞ்சின். இரண்டுக்கும் விலையில் கிட்டத்தட்ட பாதி வித்தியாசம். வண்டி எந்த வகை, சொல்கிற விலை தகுமா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. பதினைந்து வருஷம் மெக்கானிக்காக இருந்தவன் என்பதால் விற்பவர், வாங்குபவர் இரண்டு பேருமே என் சொல்லை ஏற்றுக்கொள்வார்கள்.

அப்படித்தான் வீரணன் என்னைத் தேடி வந்தார். அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயி. என் வயதுதான் இருக்கும்.

"எங்க அய்யா வாங்குன வண்டி ஒன்னு கெடக்குண்ணே. பருத்திக்கு நல்ல வெலை கெடைச்ச ஒரு வருசம் மெட்ராசுக்குப் போயிப் புதுசா எடுத்தாரு. அதை வித்துரணும்."

"இம்புட்டு வருசம் வச்சிருந்துட்டு இப்ப என்ன அவசரம்?"

"கெணத்துல தண்ணி கீழ போயிருச்சு. மாடு கட்டி எறைச்சா பாதிக் கரும்புக்குக்கூடப் பத்தல. டவுன்ல ஆயில் எஞ்சின் ஒன்னு வந்திருக்கு. பம்பு, குழாயோட ஆயிரத்து எண்ணூறு. வெள்ளிக்கெழமை வரைக்கும் வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்னு கடைக்காரர் சொல்லியிருக்காரு. அதுக்கப்புறம் எப்ப வரும்னு அவருக்கே தெரியாதாம். கரும்பு அம்புட்டு நாளு தாங்காதுண்ணே."

வாங்க வருபவரையும் அவரே பிடித்திருந்தார். மதுரையில் பட்டுநூல் வியாபாரம் செய்யும் சுப்புராமன். வீட்டில் சௌராஷ்டிர பாஷை பேசும் குடும்பம். பரமக்குடித் தறிகாரர்களுக்கு நூலைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சேலையை வாங்கி வர அவருக்கு வண்டி தேவை. ஏற்கெனவே ஒரு மாத்து எஞ்சின் வண்டியைத் தெரியாமல் வாங்கி, மானாமதுரை ரோட்டில் நூல் மூட்டையோடு நடுவெயிலில் நின்றவர். வீரணன் இரண்டாயிரம் கேட்டிருந்தார். நான் பார்த்துச் சரி என்றால் வாங்கிக்கொள்வதாகச் சுப்புராமன் சொல்லியிருந்தார். புதன்கிழமை காலை வருவதாக ஏற்பாடு.

நான் செவ்வாய்க்கிழமையே பஸ் ஏறிப் போய்விட்டேன். முன்கூட்டிப் பார்த்துவைத்தால் மறுநாள் வேலை சுலபம் என்று நினைப்பு.

மாட்டுவண்டி நிறுத்தும் கொட்டகையில் ஒரு பக்கச் சுவரை ஒட்டிக் கார் நின்றது. சக்கரம் தரையில் படாமல் அடியில் செங்கல் அடுக்கியிருந்தார்கள். யுத்தம் தொடங்கி பெட்ரோல் கிடைக்காமல் போன நாளிலிருந்து அப்படியே நிற்பதாக வீரணன் சொன்னார். உடம்பெல்லாம் பார்த்தேன். கதவு, தரைப்பலகை, மீட்டர், விளக்கு எல்லாம் கம்பெனி கொடுத்தபடி இருந்தன. டயர் நான்கும் வெடித்துப் போயிருந்தன. மேல்துணி நைந்திருந்தது. அதெல்லாம் வயதுக்கு உள்ளதுதான்.

பிறகு பானட்டைத் திறந்தேன். அந்தக் காலத்து பானட் நடுவில் கீல் வைத்து, இரண்டு பக்கமும் றெக்கை மாதிரி தனித்தனியாகத் திறக்கும். இடது பக்கம் சுவர் இடித்தது. வலது பக்கத்தை மட்டும் திறந்தேன். உள்ளே பார்த்ததும் முகம் சுளித்தேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் துடைக்கப்படாமல், ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, எண்ணெயும் புழுதியும் குடித்து, தார் மாதிரி இறுகிக் கிடந்தது. நம்பர் தகடு இருக்கும் இடமே தெரியவில்லை. இதைப் பார்த்தால் பட்டு வியாபாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவார் என்று தோன்றியது.

உடனே சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். வீரணனின் சம்சாரம் ஒச்சம்மாள், விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்தார். மண்ணெண்ணெயும் அன்று ரேஷன்தான். கம்பி பிரஷும் தேங்காய் நாருமாக மத்தியானம் முழுக்கத் தேய்த்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒச்சம்மாள், "நாங்க இருவது வருசமா அப்புனதை ஒரு பொழுதுல வழிச்சுப்புட்டீகளே, சாமி குத்தம் ஒங்களுக்கா எங்களுக்கா?" என்றார்.

"வண்டி வித்துச்சுன்னா சாமி ஒன்னும் சொல்லாதும்மா" என்று சிரித்தேன்.

தகடு தங்கம் மாதிரி மின்னியது. நம்பரைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. வீரணனும் தகட்டை மாற்றி அடிக்கிற ஆள் இல்லை. பிறவி எஞ்சின் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டு, அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்தேன். நான் எதைப் பார்த்து முடிவு கட்டினேன் என்று கவனியுங்கள். வண்டியைப் பார்த்து இல்லை, வீரணனின் முகத்தைப் பார்த்து.

புதன்கிழமை காலையில் சுப்புராமன் வந்தார். கூடவே அவருடைய டிரைவர் காதர் பாய். ஒல்லியான ஆள். பேச்சு குறைவு, பார்வை கூர்மை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பானட்டைத் திறந்தார். தகட்டின் மேல் குனிந்து, நான்கு ஆணிகளையும் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இந்த ஆணி எப்ப அடிச்சது?"

"எப்ப அடிச்சதுன்னா? வண்டி செஞ்சப்ப அடிச்சது" என்றார் வீரணன்.

"செஞ்சு இருவது வருசம் ஆச்சுங்கிறீக. ஆணி நேத்துப் பொறந்த மாதிரி மின்னுது. சுத்திப் பிரஷ் போட்ட கீறல் வேற. இந்தப் பக்கத்து போல்ட்டுலயும் கம்பி போட்ட தடம் புதுசா இருக்கு." காதர் பாய் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார். "எஞ்சினை எறக்கி ஏத்தியிருக்காங்க மொதலாளி. தகட்டை இப்பத்தான் அடிச்சிருக்காங்க."

ஒரு மாத்து எஞ்சினைப் பிறவி எஞ்சின் மாதிரி காட்ட நினைக்கிறவன் என்னவெல்லாம் செய்வானோ அதையெல்லாம் என் கையாலேயே செய்து வைத்திருந்தேன்.

வீரணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பாய், வீடு தேடி வந்து திருட்டுப் பட்டம் கட்டுறீகளா? எங்க அய்யா வாங்குன வண்டிய்யா இது! யுத்தத்துல ஒரு அடி நகரல!"

"எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்றாக. நாங்க போன தடவ வாங்குன வண்டியும் நகரலைன்னுதான் சொன்னாக. மானாமதுரையில நெசமாவே நகரல."

சுப்புராமன் சிரிக்கவில்லை. விரல் விட்டுத் தம் வீட்டுப் பாஷையில் ஏதோ கணக்குச் சொல்லிக்கொண்டார். பிறகு, "சண்டை வேண்டாம். மாத்து எஞ்சின்னு வச்சுக்கிட்டா ஆயிரம் தாரேன். பிறவி எஞ்சின்னா நீங்க கேட்டதுல பேசிக்கிறலாம்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. ஒங்க வாய் வார்த்தை போதும்னுதான் வந்தேன். இது பிறவி எஞ்சினா?"

ஆயிரம் என்றால் ஆயில் எஞ்சின் இல்லை. ஆயில் எஞ்சின் இல்லையென்றால் கரும்பு இல்லை. வீரணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். நான் நம்பியதும் அதைத்தான். ஆனால் நம்புவது வேறு, பார்த்தது வேறு. அந்தச் சந்தனப் பொருக்கு தகட்டின் ஆணிகளை மூடி விரிசல் இல்லாமல் இருந்ததா, இல்லை ஏதாவது ஓரிடத்தில் உடைந்து மறுபடி பூசப்பட்டிருந்ததா? முந்தின நாள் அந்தக் கேள்விக்குப் பதில் என் கண் முன்னால் இருந்தது. நான் அதை அழுக்கு என்று நினைத்தேன்.

"தெரியாதுங்க" என்றேன். "நம்பர் சரியா இருக்கு. ஆனா எஞ்சின் எறங்குச்சா இல்லையான்னு நேத்துப் பாத்திருந்தா சொல்லியிருக்கலாம். மேல இருந்த சந்தனத்தை நான்தான் மண்ணெண்ணெய் போட்டு வழிச்சேன். வீரணன் மேல தப்பு இல்ல. ஆணி மின்னுறது என் வேலை."

வீரணன் செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒச்சம்மாள்தான் வெடித்தார்.

"தெரியாதுன்னு சொல்லத்தான் டவுன்ல இருந்து பஸ் ஏறி வந்தீகளா? அதை நாங்களே சொல்லியிருப்போமே! ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் போச்சு, எங்க வெள்ளாமையும் போச்சு!"

சுப்புராமன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

ஒச்சம்மாளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என்னைப் பார்த்து மேலும் சொன்னார்: "எங்க மாமனாரு இதைக் காருன்னா பாத்தாரு? காளைன்னு பாத்தாரு. காளைக்கு நாலு குளம்புக்கும் பூசுற மாதிரி எஞ்சினுக்கும் நாலு காலு இருக்கு, நாலுக்கும் சந்தனம் வையின்னு கூடவே நின்னு வைக்கச் சொல்லுவாரு. ஒரு காலு விட்டுப்போனாலும் ஏசுவாரு. அவரு செத்த பெறகும் நான் விடாம வச்சேன். வண்டி செங்கல்லு மேல ஏறுன பெறகும், செவத்துப் பக்கத்துக்கு அடியில படுத்துக் கையை விட்டு வச்சேன். அதைத்தான் தேங்கா நாரு போட்டு..."

"நாலு காலா?" காதர் பாய் குறுக்கே கேட்டார்.

எஞ்சினைக் காரின் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் இடங்கள் நான்கு. பக்கத்துக்கு இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய நட்டு. அவற்றைத் திருகாமல் எஞ்சினை இறக்க முடியாது. நானும் காதர் பாயும் ஒரே நேரத்தில் சுவர்ப் பக்கம் பார்த்தோம். வலது பக்கத்து இரண்டு கால்களைத்தான் நான் தேய்த்திருந்தேன். இடது பக்கம் சுவர் இடித்ததால் திறக்கவே இல்லை.

"வண்டியை எறக்குவோம்" என்றார் காதர் பாய்.

செங்கல்லை ஒவ்வொன்றாக உருவினோம். சப்பை டயரோடு வண்டி தரையில் குந்தியது. ஐந்து பேரும் சேர்ந்து தள்ளினோம். சுப்புராமன் பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தார். "காசு குடுக்குறதுக்கு முன்னாடியே தள்ள வச்சுட்டீங்களேப்பா" என்று அவர் முனகியதும், வீரணன்கூட அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். ஒரு கஜம் நகர்ந்ததும் இடது பக்கத்து பானட்டைத் திறந்தோம்.

உள்ளே இருட்டு. ஒச்சம்மாள் வீட்டுக்குள் ஓடி முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து, கொட்டகை வாசலில் நின்று வெயிலை உள்ளே திருப்பி அடித்தார். எஞ்சினின் கால் இருக்கும் இடத்தில் ஒரு பெரிய பிடிக் கொழுக்கட்டை மாதிரி பொருக்கு இறுகியிருந்தது. எஞ்சினின் காலிலிருந்து நட்டைத் தாண்டிச் சட்டம் வரைக்கும் ஒரே ஓடாக மூடியிருந்தது. நட்டு இருப்பதே மேட்டை வைத்துத்தான் தெரிந்தது.

நான் கையை நீட்டினேன். காதர் பாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வேணாம்ணே. ஒங்க கைக்குச் சுத்தம் ஜாஸ்தி."

அவர் பேனாக்கத்தியை எடுத்து, ஓட்டின் ஓரத்தில் மட்டும் பணியாரத்தை வெட்டுவதுபோல ஒரு சின்ன வெட்டு வெட்டினார். வெட்டின இடத்தில் கோடு கோடாகத் தெரிந்தது. அடியிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

"மஞ்சள், செவப்பு, கறுப்பு. மஞ்சள், செவப்பு, கறுப்பு. மஞ்சள், செவப்பு, கறுப்பு..." சந்தனம், குங்குமம், வருஷம் முழுக்க ஓடியதில் படிந்த எண்ணெய்க் கறுப்பு. பத்துப் பன்னிரண்டு தாண்டியதும் எண்ணிக்கையை நிறுத்தினார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டத்தில் போனார். "அம்மா, கண்ணாடியை ஆட்டாதீக."

"ஆட்டல. வெயிலுதான் நகருது."

"மேல இருக்கிற ஆறேழு படியில கறுப்பைக் காணோம் மொதலாளி. மஞ்சள், செவப்பு, அப்புறம் வெறும் புழுதி. மறுபடி மஞ்சள், செவப்பு, புழுதி."

"அப்படின்னா?" என்றார் சுப்புராமன்.

"வண்டி ஓடுனாத்தான் எண்ணெய் கசியும். இது ஓடவே இல்ல. அந்தம்மா சொன்ன மாதிரி, நின்ன வண்டிக்கு வருசா வருசம் பூசை மட்டும் நடந்திருக்கு. ஓடாத வண்டியில கரி எங்கேருந்து போடுறது?" பின்னங்கால் நட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "இந்த நட்டுல ஒரு தடவ ஸ்பானர் வச்சிருந்தாலும் இந்த ஓடு பொடிப்பொடியா உதிர்ந்திருக்கும். எஞ்சின் எறங்கல மொதலாளி. அல்லா மேல ஆணையா, இது பிறவி எஞ்சின்தான்."

வீரணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வியர்வையைத் துடைக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் வைத்துக்கொண்டோம்.

சுப்புராமன் என்னைப் பார்த்தார். "இப்ப வெலையைச் சொல்லுங்க."

அந்த இடத்தில் இன்னொரு தப்புச் செய்யப் பார்த்தேன். அந்தக் குடும்பத்தைக் கலங்க வைத்தவன் நான். கேட்ட இரண்டாயிரத்தையே சொல்லிவிட்டால் மனசு ஆறும் என்று ஓர் ஆசை வந்தது. ஆனால் என் தப்புக்கு இன்னொருவர் பையிலிருந்து எடுத்து ஈடுகட்டுவது நியாயம் இல்லை. டயர் நான்கும் போய்விட்டன, மேல்துணி புதிதாகப் போட வேண்டும், எஞ்சின் முழுசு என்று மூன்றையும் சத்தமாகச் சொல்லி, ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது என்றேன். இருவரும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சந்தையில் மாட்டு விலை முடிப்பதுபோலச் சுப்புராமன் துண்டுக்குள் கை நீட்ட, வீரணன் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் காதர் பாய் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒங்களைப் பத்தி நல்ல அபிப்பிராயம் இல்லாமத்தாண்ணே வந்தேன்" என்றார். "நீங்க மட்டும் அங்க, பிறவி எஞ்சின்தான்னு அடிச்சுச் சொல்லியிருந்தீகன்னா, இவரும் கூட்டுன்னு முடிவு பண்ணி அப்பவே மொதலாளியைக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். தெரியாதுன்னீக பாருங்க, அதுக்காகத்தான் இன்னும் கொஞ்ச நேரம் நின்னேன்."

நான் அன்று தப்பித்தது என் திறமையால் இல்லை. ஒரு சுவர் இடித்ததால் மிச்சம் இருந்ததை, ஒரு அம்மாளின் கோபமும் இன்னொருவரின் கண்ணும் கண்டுபிடித்துக் கொடுத்தன. எல்லா வண்டியும் சுவரை ஒட்டி நிற்காது. ஆகவே பிள்ளைகளே, ஒரு வண்டி வந்தால் வாளியைத் தொடாதீர்கள். முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பாருங்கள். எது அழுக்கு, எது அந்த வீட்டார் வண்டியோடு வாழ்ந்த தடம் என்று பிரித்துத் தெரியும்வரை எதையும் துடைக்காதீர்கள். வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். வண்டியை எப்படிக் கும்பிட்டார்கள், எங்கே நிறுத்தினார்கள், எதை மாற்றினார்கள் என்று அவர்கள் சொல்வது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் மற்றவர்களும் நம்மோடு சேர்ந்து தேட ஆரம்பிக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை வீரணன் ஆயில் எஞ்சினை எடுத்துவிட்டார். பத்து நாள் கழித்து, பம்பு ஓட்டப்போகிறோம், வந்து ஒரு கை பிடியுங்கள் என்று ஆள் சொல்லிவிட்டார். என்னைத் திட்டின வீட்டிலிருந்தே அழைப்பு வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. இருப்பதில் நல்ல கால்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

கரும்பு நுனியெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தது. அடியில் மட்டும் பச்சை இருந்தது. நானும் வீரணனும் மாறி மாறிக் கைப்பிடியைச் சுற்றினோம். எஞ்சின் இருமியது, நின்றது, மறுபடி இருமியது. நான்காவது தடவை பிடித்துக்கொண்டது. டுப்டுப் என்ற சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டது. ஆனால் குழாயில் ஒன்றும் வரவில்லை. காற்றுதான் வந்தது. வீரணன் என் முகத்தைப் பார்த்தார். நான் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்து நகர்ந்து நின்றேன்.

மடை ஓரத்தில் மண்வெட்டியோடு நின்ற ஒச்சம்மாள் சத்தம் போட்டார்.

"அண்ணே, வாய்க்கால்ல நிக்காதீக. தண்ணி வருது!"